அரை மைல் நேர்கோடு

கான்ஸாஸில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டியரிங் ஓர் அலங்காரப் பொருள். ரோடு அத்தனை நேர். வலது பக்கம் கோதுமை, இடது பக்கம் கோதுமை. அது அலுத்தால் புல். புல்லில் கறுப்பு மாடுகள். அப்புறம் மறுபடி கோதுமை. விச்சிட்டாவிலிருந்து வடமேற்கே இரண்டரை மணி நேரம் இதே காட்சிதான். காரை ஓட்டி வந்த நண்பர் (ஊர் உடுமலைப்பேட்டை, பிழைப்பு விமானக் கம்பெனியில்) ஒற்றை விரலால் ஓட்டியபடி மறு கையால் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வடக்கே பிரியும் ஒரு கிராமத்து ரோட்டில் திடீரென்று ஒரு திருப்பம். சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடி பழைய திசைக்கே திரும்பியது. மலை இல்லை, ஆறு இல்லை, நடுரோட்டில் பிள்ளையார் கோயிலும் இல்லை. வெறும் வயல்.

"இங்கே எதுக்குங்க வளைவு?"

"பூமி உருண்டைங்கறதாலே" என்றார் நண்பர், சிப்ஸை மென்றபடி.

நிஜம்தான். 1785-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தால் பெரும்பகுதி தேசத்தையே நூல் பிடித்துச் சதுரம் சதுரமாக அறுத்து வைத்தார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால்வாசி 160 ஏக்கர். 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிரும் வைத்தால் அந்த 160 ஏக்கர் உங்களுக்கு. எல்லாம் சரி, பூமி உருண்டை என்பதை மட்டும் சட்டத்தால் மாற்ற முடியவில்லை. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் ஒன்றை ஒன்று நெருங்கும். இந்தப் பிரதேசத்தில் ஆறு மைல் அகலமுள்ள ஒரு கட்டம் ஆறு மைல் வடக்கே போவதற்குள் கிட்டத்தட்ட 38 அடி இளைத்துவிடும். அப்படியே விட்டால் கட்டங்கள் எல்லாம் மேலே போய் ஒல்லிப் பிச்சானாகிவிடும். அதனால் சில பத்து மைல்களுக்கு ஒரு தடவை புதிதாக ஆறு மைல் அளந்து ஆரம்பித்தார்கள். பழைய கோடும் புதுக் கோடும் சேராத இடத்தில் ரோடு இப்படி ஒடியும். பூமி தட்டை என்று இன்னமும் அடம்பிடிக்கிற ஆசாமிகளை இங்கே ஒரு தடவை கூட்டி வர வேண்டும்.

அளந்தது எதை வைத்து? சங்கிலி. 1620-ல் எட்மண்ட் கன்ட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த 66 அடிச் சங்கிலி. நூறு வளையம். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம்மூர் சர்வே ஆட்கள் சங்கிலி போட வந்தது, சென்ட் கணக்கு சொன்னது எல்லாம் இதே பரம்பரைதான். அதெல்லாம் தெரியாதவர்களுக்கும் இது தெரியும்: கிரிக்கெட் பிட்ச்சின் நீளமான 22 கஜம் சரியாக ஒரு சங்கிலி. அதில் கால் பங்கு, 16½ அடி, ஒரு ராடு. இந்த ராடை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நயாகரா, கிராண்ட் கேன்யன் என்று ஊர் உலகம் போய்க்கொண்டிருக்க, நாங்கள் போனது வேலி பார்க்க. நண்பரின் ஆபீசில் உடன் வேலை பார்க்கிற பெண்ணின் பெரியப்பாவுக்கு லா க்ராஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரான்ச். ரான்ச் என்றால் மாட்டுப் பண்ணை. கட்டுத்தறி, வைக்கோல்போர், பால் சொசைட்டி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கு எட்டிய வரை புல், அதில் மாடு தன் பாட்டுக்கு மேயும். பெரியவர் அரை மைலுக்குப் புது வேலி போடப் போகிறார், ஆள் வேண்டும், சாப்பாடு உண்டு என்று தகவல். நண்பர் 'சாப்பாடு உண்டு' என்பதோடு காதை மூடிக்கொண்டு சரி சொல்லிவிட்டார்.

*

லா க்ராஸை நெருங்கும்போதே தெரிந்துவிடுகிறது, இது வேலியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்கிற ஊர் என்று. ரோட்டோரம் வேலிக்கால்கள் எல்லாம் கல். நாமக்கல், தர்மபுரிப் பக்கம் கல்லுக்கால் நட்டு முள்கம்பி ஓட்டியிருப்பார்களே, அதே மாதிரி. ஆனால் கருங்கல் இல்லை, சந்தன நிறச் சுண்ணாம்புக் கல். நடுவில் துருப்பிடித்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு.

காரணம் எளிது. குடியேற வந்தவர்களுக்கு இங்கே நிலம் கிடைத்தது, புல் கிடைத்தது, காற்று கேட்காமலே கிடைத்தது. மரம் மட்டும் கிடைக்கவில்லை. வேலிக்கால் வெட்ட ஒரு தோப்பு கிடையாது. தரைக்குக் கொஞ்சம் கீழே முக்கால் அடி கனத்தில் ஒரே சீரான ஒரு கல் அடுக்கு மட்டும் ஓடியது. நெப்ராஸ்கா எல்லையிலிருந்து தென்மேற்காகக் கிட்டத்தட்ட 200 மைல். வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு வைத்து, ஒவ்வொரு ஆப்பாகத் தட்டிக்கொண்டே போனால் பிஸ்கட் மாதிரி நேராகப் பிளக்கும். புதிதாக எடுக்கும்போது மெத்தென்று இருந்து, வெயிலும் காற்றும் பட இறுகிவிடும். 1880-களிலிருந்து ஒரு நாற்பது வருஷம் இதுதான் தொழில். ஒரு கால் 150-லிருந்து 200 கிலோ. அந்தக் காலத்து மாப்பிள்ளை பார்க்கும் படலத்தில் 'பையன் எத்தனை கால் நட்டிருக்கான்?' என்று கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஊரில் முள்கம்பிக்கு ஒரு மியூசியம். சிரிக்காதீர்கள். 2,000-க்கும் மேற்பட்ட முள்கம்பி ரகங்கள், துண்டு துண்டாக வெட்டி, பலகையில் அடித்து, புடைவைக் கடை பார்டர் மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஊரே தன்னை 'உலக முள்கம்பித் தலைநகர்' என்று அழைத்துக்கொள்கிறது. அத்தனையிலும் எனக்குப் பிடித்தது ஓர் அண்டங்காக்கைக் கூடு. சுள்ளி கிடைக்காத ஊரில் காக்கை என்ன பண்ணும்? கிடந்த முள்கம்பித் துண்டுகளைப் பொறுக்கியே கட்டியிருக்கிறது. எடை 30 கிலோவுக்கு மேல். உள்ளே குஞ்சு எப்படிப் படுத்தது என்று தாய்க் காக்கையைத்தான் கேட்க வேண்டும்.

முள்கம்பியின் கதையும் ஒரு சமையலறையில்தான் ஆரம்பித்தது. இல்லினாய் மாநிலம் டிகால்ப் ஊரில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி. 1873-ல் ஊர்ப் பொருட்காட்சியில் ஒருவர், மரச்சட்டத்தில் ஆணி முனைகளை நீட்டி வேலியில் தொங்கவிட்டால் மாடு கிட்டே வராது என்று காட்டினார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த கிளிடன், காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினை எடுத்து அதில் கம்பியைச் சுற்றி முள் செய்தார். முள் நகராமல் இருக்க இரண்டு கம்பியாக முறுக்கினார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1874 நவம்பர் 24-ல் பேட்டன்ட். அப்போது அவருக்கு வயது 61. ரிட்டயராகி ஈஸிசேர் வாங்கும் வயசு. வீட்டில் காப்பிக்கு என்ன செய்தார்கள் என்பது பற்றித் தகவல் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது காப்பி மாதிரி சுவையானது இல்லை. அதுவரை திறந்த வெளியில் மேய்ந்த மாடுகளுக்குக் குறுக்கே கோடு விழுந்தது. டெக்ஸாஸில் 1883-ல் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பியை வெட்டுவதே ஒரு போராய் நடந்து, சுட்டுக்கொண்டு செத்தார்கள். 1884-ல் வேலி வெட்டுவது பெருங்குற்றம் என்று சட்டம் வந்தது. 1886 ஜனவரியில் கான்ஸாஸில் ஒரு பனிப்புயல். புயலடித்தால் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே இருக்கும்; எங்காவது பள்ளத்தில், ஆற்றோரத்தில் ஒதுங்கும். அந்த வருஷம் தெற்கே நடந்த மாடுகள் வேலியில் முட்டி நின்றன. பின்னால் வந்தவை அவற்றின் மேல் முட்டின. பனி உருகியபோது வேலி நெடுகப் பிணக் குவியல். 'பிசாசுக் கயிறு' என்று முள்கம்பிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சும்மா வைக்கவில்லை.

*

பெரியவருக்கு எழுபது இருக்கும். கை குலுக்கினால் நம் கை கொஞ்ச நேரம் செயலற்றுப் போகிறது. புது வேலி போகும் இடத்தைக் காட்ட பிக்கப்பில் கூட்டிப் போனார்.

விவகாரம் இது. இந்த அரை மைல்தான் அவர் நிலத்துக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் எல்லை. இரண்டு முனையிலும் அரசாங்க சர்வேயர்கள் அந்தக் காலத்தில் நட்டுப் போன கற்கள். இன்றைக்கு ஸாட்டிலைட்டை வைத்து அளந்து, கல் இரண்டடி தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடித்தால்கூட சட்டப்படி கல் இருக்கும் இடம்தான் எல்லை. ஸாட்டிலைட் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு பள்ளம், ஒரு மேடு. பள்ளத்தில், சரியாகக் கோட்டின் மேல், முன்பு ஒரு காட்டன்வுட் மரம் நின்றிருக்கிறது. பெரியவரின் அப்பா வேலி போடும்போது மரத்தை வெட்ட மனசில்லை. வேலியைப் பக்கத்து நிலத்துக்குள் ஒன்பதடி தள்ளி, மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார். மரத்துக்கு முன்னால் இருநூறடி, பின்னால் இருநூறடி, நடுவில் ஒரு முக்கோணம்.

கணக்குப் போட்டேன். 1,800 சதுர அடி. நாலு சென்ட். மெட்ராஸ் கணக்கில் முக்கால் கிரவுண்டு. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கிற இரண்டு குடும்பங்கள் இந்த நாலு சென்ட்டுக்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. மரம் இடி விழுந்து போயே முப்பது வருஷம். வளைவு மட்டும் அப்படியே. வரப்புத் தகராறு நம் தேசியச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஊர்ச் சட்டப்படி பதினஞ்சு வருஷம் பகிரங்கமா அனுபவிச்சா அது உங்களோடது ஆயிடும் இல்லையா? கேஸ் போட்டா ஜெயிப்பீங்களே" என்றார் நண்பர். (உடுமலைப்பேட்டை.)

"வக்கீலும் அதைத்தான் சொன்னார்" என்றார் பெரியவர். "ஜெயிக்கலாம். ஜெயிச்சப்புறம் வருஷா வருஷம் இந்த வேலியை நிமிர்த்தறது யாரு, வக்கீலா? இதைப் பாருங்க."

பார்த்தோம். நேராக ஓடிய பகுதியில் பழைய கால்கள் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் விறைப்பாக நின்றன. ஓசேஜ் ஆரஞ்சு மரத்துக் கால்கள். (பெயர்தான் ஆரஞ்சு, பழத்தைத் தின்ன முடியாது. முள் மரம். கம்பி வருவதற்கு முன்பு காங்கேயத்துக் கிளுவை மாதிரி இதையே உயிர்வேலியாக நட்டார்கள். கால் நட்டால் ஐம்பது வருஷம் உளுக்காது.) வளைவு வந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு காலும் பெரியவர் பக்கம் சாய்ந்திருந்தது. எங்கே மரம் நின்றதோ அந்தப் பக்கம். வளைவின் உச்சியில் இருந்த கால் ஏறக்குறையப் படுத்தே விட்டது.

இழுத்துக் கட்டிய கம்பிக்கு ஒரே ஓர் ஆசைதான்: நேராக வேண்டும். ஒரு கம்பியில் நூறு கிலோவுக்கு மேல் இழுவிசை. ஐந்து கம்பி என்றால் அரை டன்னுக்கு மேல். ராடுக்கு ஒரு கால் என்று நட்டிருக்கும் வேலியில் ஒரு கால் மூன்றே அங்குலம் விலகி நின்றால், அந்தக் காலைச் சுமார் 16 கிலோ பக்கவாட்டில் இழுக்கும். இருநூறடியில் ஒன்பதடி என்று திரும்பினால், உச்சியில் நிற்கும் காலுக்கு 50 கிலோ. ராத்திரி பகல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. பனிக்காலத்தில் கம்பி சுருங்கும்போது இன்னும் ஜாஸ்தி. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானைத் தேட வேண்டியதில்லை. எல்லை எங்கே என்று வேலியே இத்தனை காலமாகச் சாய்ந்து சாய்ந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்துப் பண்ணைக்காரர் போன வருஷம் காலமாகிவிட்டார். நகரத்திலிருந்து திரும்பி வந்து நிலத்தைப் பார்த்துக்கொள்வது மகள், நாற்பத்தைந்து வயது அம்மாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த வளைவை எடுத்துடலாம்."

*

வழக்கம் இப்படி: எல்லை வேலியின் நடுவில் இரண்டு பக்கத்துக்காரர்களும் எதிரெதிரே முகம் பார்த்து நிற்க வேண்டும். அவரவர் வலது கைப் பக்கம் அவரவர் பாதி. பாதி பாதியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தகராறு வந்தால் 'வேலி பார்ப்பவர்கள்' வந்து தீர்ப்புச் சொல்ல சட்டத்தில் இடமுண்டு. அது கவுன்ட்டி கமிஷனர்களின் வேலை. இந்த உத்தியோகம் நம்மூரில் இருந்தால் அவர்களுக்கு வீட்டுக்குப் போகவே நேரமிருக்காது.

அரை மைலில் பாதி கால் மைல். 1,320 அடி. எண்பது ராடு, இருபது கிரிக்கெட் பிட்ச். முள்கம்பிச் சுருள் ஒன்றின் நீளம் இன்றைக்கும் அதே 1,320 அடி! சங்கிலி மியூசியத்துக்குப் போய்விட்டது, ராடு பாடப் புத்தகத்தைவிட்டுப் போய்விட்டது, கம்பிச் சுருள் மட்டும் அந்தக் கணக்கைக் கைவிடவில்லை. ஆக ஆளுக்கு ஐந்து சுருள், ஆளுக்கு எண்பது கால். சுருள் ஒன்று 40 கிலோவுக்கு முன்னே பின்னே. நண்பர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கேமரா காரில் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

முதல் வேலை மூலை. நம்மாட்கள் வேலி என்றால் முதல் காலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே போவார்கள். இங்கே இரண்டு மூலையையும் நடுவையும் முடிக்காமல் மற்றதைத் தொடுவதில்லை. எட்டு அங்குலத் தடிமனில் மரத்தூண், நாலடி ஆழம். எட்டடி தள்ளி இன்னொரு தூண். இரண்டுக்கும் தலைப்பக்கம் குறுக்குக் கட்டை. பார்த்தால் ஆங்கில 'ஹெச்'. அப்புறம் மூலைத்தூணின் அடியிலிருந்து அடுத்த தூணின் தலைக்குக் கோணலாக ஒரு கம்பியை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குகிறார்கள், சின்ன வயசில் நாம் ரப்பர் பேண்டை முறுக்குவது போல. வேலி மூலைத்தூணை இழுத்தால், அது குறுக்குக் கட்டையைத் தள்ளும். கட்டை இரண்டாவது தூணின் தலையைத் தள்ளும். அது சாயப் பார்த்தால் கோணல் கம்பி பிடித்துக்கொள்ளும். அரை டன் இழுவையும் கடைசியில் மண்ணுக்கே போய்ச் சேருகிறது. கோணல் கம்பியை மாற்றிக் கட்டினால் எல்லாம் சேர்ந்து ஒரே குளிர்காலத்தில் படுத்துவிடுமாம். இந்த வேலையை எங்களை நம்பி விடவில்லை. நாங்கள் வருவதற்கு முந்தின வாரமே முடித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, கோடு பிடிப்பது. நடுவில் மேடு இருப்பதால் ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரியாது. பெரியவர் மேட்டின் மேல் ஒரு கொடிக் கம்போடு ஏறினார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாள் இன்னொரு கம்போடு ஏறி வந்தார். முகமன் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தொப்பியைத் தொட்டார் பெரியவர். அம்மாள் தலையசைத்தார். இருபது முப்பதடி இடைவெளியில் நின்றார்கள்.

சிவில் டிப்ளமோ படித்தவர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும். பெரியவர் ஒற்றைக் கண்ணை மூடி, அம்மாளின் கம்பையும் அதற்குப் பின்னால் தூரத்து மூலைக் கொடியையும் பார்க்கிறார். "இடது... இன்னும் இடது... போதும்." இப்போது அவர் கண்ணுக்கு அம்மாளும் அந்த மூலையும் ஒரே கோடு. அடுத்து அம்மாள் இந்தப் பக்கம் திரும்பி, பெரியவரின் கம்பையும் இந்த மூலைக் கொடியையும் பார்க்கிறார். "வலது பக்கம் வாங்க. இன்னும். இன்னும்." பெரியவர் நகர்ந்ததும் அவர் கணக்கு கலைந்துவிடும். மறுபடி அவர் அம்மாளை நகர்த்த, அம்மாள் அவரை நகர்த்த... ஒவ்வொரு தடவையும் நகர்வது குறைகிறது. நாலடி, ஒன்றரை அடி, ஐந்து அங்குலம். ஏழாவது எட்டாவது முறையில் இரண்டு பேருமே "சரி" என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு மணி நேரம் விடாமல் பேசியது "இடது, வலது" மட்டும்தான். ஸாட்டிலைட் கருவியில் பார்த்திருக்கலாமே என்று நண்பர் கேட்டதற்குப் பெரியவர், "அது சொன்னா அவளும் நம்பணும், நானும் நம்பணும். இதுல ரெண்டு பேருமே பார்த்துட்டோம்" என்றார்.

கோடு கிடைத்ததும் கட்டடக் கொத்தனார் மாதிரி நூல் கட்ட முடியாது. கான்ஸாஸ் காற்றில் நூல் வில்லாக வளைந்துவிடும். அதனால் நிஜக் கம்பி ஒன்றையே தரையை ஒட்டினாற்போல் இழுத்து விறைப்பாகக் கட்டிவிடுகிறார்கள். அதுதான் நூல். கால்களைக் கம்பியில் உரசாமல் ஒரு விரல்கடை தள்ளி நட வேண்டும். ஒரு கால் கம்பியைத் தொட்டுத் தள்ளினால் அடுத்தது அதைப் பார்த்து நிற்கும், அப்புறம் எண்பதும் ஒழுங்காக வரிசையில் தப்பான இடத்துக்குப் போகும். 'டி' வடிவ இரும்புக் கால்கள், ஐந்துக்கு ஒன்று மரம். இரும்புக் காலை அடிக்க ஒரு கருவி: ஒரு பக்கம் மூடிய கனமான குழாய், இரண்டு கைப்பிடி. காலின் தலையில் மாட்டி, தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். டங்... டங்... முதல் பத்து கால் வரை இது தேகப் பயிற்சி. அதற்கு மேல் தண்டனை. பெரியவரின் தம்பி மகன் எண்பதில் அறுபதை அடித்தான். நானும் நண்பரும் சேர்ந்து பதினொன்று.

பள்ளத்தில் தனி வேலை. மேட்டிலிருந்து மேட்டுக்கு நேராக ஆசைப்படும் கம்பி, பள்ளத்துக் காலை மண்ணிலிருந்து பிடுங்கி மேலே தூக்கும். அதனால் அந்த இடத்தில் ஒரு பெரிய கல்லைப் புதைத்து, அதிலிருந்து கம்பிகளைக் கீழே இழுத்துக் கட்டினார்கள். கல் வேறெங்கும் போய்த் தேடவில்லை. தாத்தா காலத்துக் கல்லுக்கால் ஒன்று உடைந்து கிடந்தது.

சாயங்காலம் நடுத்தூணில் நின்று பார்த்தார்கள். நேராக இருக்கிற வேலியைத் தலைமாட்டில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ஒரே ஒரு கால்தான் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அதன் பின்னால் மறைந்துகொள்ள வேண்டும். அம்மாளின் பக்கம் அப்படித்தான் இருந்தது. பெரியவரின் பக்கம் ஒரு கால் மட்டும் ஸ்கூல் அஸெம்பிளியில் எட்டிப் பார்க்கும் பையன் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே சுண்ணாம்புக் கல் தட்டி, அடிக்கும்போது சறுக்கிவிட்டதாம். இரண்டு அங்குலம் இருக்கலாம். அம்மாள் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் சாப்பாட்டு வாசனை வந்த திசையில் நடக்க ஆரம்பித்தோம். பெரியவர் மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், காலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கல்லில் துளை போட டிராக்டரை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். இருட்டின பிறகுதான் சாப்பிட வந்தார்.

ஞாயிறு, சர்ச் முடிந்து, கம்பி. சுருளின் நடுவில் குழாயைச் செருகி, பிக்கப்பின் பின்னால் மாட்டி, மெதுவாக ஓட்டினால் கம்பி பிரிந்து விழுகிறது. இழுக்கும்போது யாரும் கம்பிக்கு நேராக நிற்கக் கூடாது. அறுந்தால் பாம்பு மாதிரி சுருண்டு திரும்பும், முள்ளோடு. கம்பி மாடு நிற்கிற பக்கம் இருக்க வேண்டும், மாடு முட்டினால் காலின் மேல் அழுந்துமே தவிர ஆணியைப் பிடுங்காது. இங்கே இரண்டு பக்கமும் மாடு. ஆகவே அவரவர் பாதியில் கம்பி அவரவர் பக்கம். மரக்காலில் அடிக்கும் 'யூ' ஆணியை முழுக்க அறையக் கூடாது என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார் பெரியவர். கம்பி வெயிலுக்கும் பனிக்கும் நீண்டு சுருங்க, அதற்குள் வழுக்கிப் போக இடம் வேண்டும். அடிக் கம்பி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், முள் இல்லாத வழவழப்புக் கம்பி. மான் குட்டிகள் கீழே நுழைந்து போக.

நாலு கம்பி முடிந்தது. ஐந்தாவதில்தான் விஷயம் வெளிப்பட்டது. அம்மாளின் பாதி சமதரை. சுருள் போதுமானதாக இருந்தது. பெரியவரின் பாதியில் பள்ளம். பள்ளத்தில் இறங்கி ஏறுகிற கம்பிக்கு 1,320 அடி எப்படிப் போதும்? முதல் நாலிலும் வீட்டிலிருந்த பழைய துண்டுகளை முடிச்சுப் போட்டுச் சமாளித்துவிட்டார். கடைசிக் கம்பிக்குத் துண்டும் தீர்ந்து, நடுத்தூணுக்குப் பத்தடி முன்னால் முனை காற்றில் ஆடியது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது.

பெரியவர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாளைப் பார்த்தார். அவர் தன் பிக்கப்பில் உபரியாக வாங்கிப் போட்டிருந்த சுருளிலிருந்து பன்னிரண்டு அடி வெட்டி, மேல் கம்பிக்கு மேலாக நீட்டினார்.

"எவ்வளவு ஆச்சுன்னு சொல்லு" என்றார் பெரியவர்.

"மரத்துக் கணக்குல கழிச்சுக்கலாம்" என்றார் அம்மாள்.